தீயணைப்பு வீரர் ஏறுற லிஃப்ட் எந்த மாடியில கதவைத் திறக்கும்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

2021 மார்ச் 8ம் தேதி சாயங்காலம் கொல்கத்தா ஸ்ட்ராண்ட் ரோட்ல கிழக்கு ரயில்வேயோட நியூ கொய்லாகாட் பில்டிங்ல 13வது மாடியில தீப்பிடிச்சுது. அணைக்கப் போனவங்க லிஃப்ட்ல ஏறிட்டாங்க. 12வது மாடியில சிக்கிக்கிட்டாங்க, பல பேரோட உடல் லிஃப்டுக்குள்ளயேதான் கிடைச்சுது. மொத்தம் 9 பேர் செத்தாங்க, அதுல 4 பேர் தீயணைப்பு வீரர்கள். இத்தனை வருஷம் கழிச்சு இத ஏன் எழுதறேன்னா, நான் சென்னையில லிஃப்ட் சர்வீஸ் வேலையில இருக்கேன், தி.நகர், பாரிஸ், புரசைவாக்கம்னு கடை பில்டிங்கா ஏறி இறங்குறவன், அங்க ஓடுற லிஃப்டுங்களப் பாத்தா இங்கயும் அப்படி ஒண்ணு நடந்துடுமோன்னு பயமாவே இருக்கு.

ஏ.ஆர்.டி.ன்னு ஒரு பேட்டரி செட்டு இப்ப கிட்டத்தட்ட எல்லா லிஃப்ட்லயும் இருக்கு. கரண்ட் போனா கேபின பக்கத்து மாடிக்குக் கொண்டுபோய் கதவத் திறந்து விட்டுடும், சாதாரண நாள்ல ரொம்ப நல்ல விஷயம். ஆனா தீன்னு சத்தம் கேட்டதும் வாட்ச்மேன் முதல்ல ஓடிப்போய் மெயின ஆஃப் பண்ணுவாரு. அந்த நேரம் கேபினுக்குள்ள தீயணைப்பு ஆளுங்க நாலு பேரு முதுகுல சிலிண்டரோட மேல போயிட்டு இருந்தா? நான் பாத்த நிறைய லிஃப்ட்ல அந்த பேட்டரி செட்டுக்கு எந்த மாடியில தீன்னு தெரிய வழியே கிடையாது, பக்கத்துல எது இருக்கோ அங்க கொண்டுபோய் கதவத் திறந்துடும். திறந்த கதவு மூடவும் மூடாது, ஏன்னா டோர் சென்சார் புகைய ஆள்னு நெனச்சுக்கிட்டு கதவ மறுபடி மறுபடி திறந்து விட்டுட்டே இருக்கும்.

இது புதுசா வந்த ஆபத்தும் இல்ல. 1970 ஆகஸ்ட்ல நியூயார்க்ல ஒன் நியூயார்க் பிளாசான்ற 50 மாடி கட்டிடத்துல, விரல் பட்டாலே வேலை செய்யற மாதிரி பட்டன் வச்சிருந்தாங்க, தீயோட சூடு பட்டு அந்தப் பட்டனே லிஃப்ட எரியுற மாடிக்குக் கூப்பிட்டுச்சு, உள்ள இருந்த ரெண்டு காவலாளிங்க செத்தாங்க. அதுக்கப்புறம்தான் தீன்னு வந்தா லிஃப்ட் தானா கீழ வந்துடணும், மத்த பட்டனெல்லாம் செத்துப்போகணும்ன்ற விதியெல்லாம் அங்க கறாராச்சு.

நம்ம ஊர் கடைங்கள்ல இருக்கற விதவிதமான லிஃப்டுங்களுக்கு வருவோம். ரெண்டு பக்கம் கதவு வச்சது ஒண்ணு, கீழ முன்பக்கமா ஏறினா மூணாவது மாடியில பின்பக்கமா திறந்து நேரா ஷோரூமுக்குள்ளயே விடும், நடுவுல லாபின்னு ஒண்ணு கிடையாது. புதுசா வர்ற ஒரு வீரர் முன்னாடி கதவப் பாத்துக்கிட்டு நிப்பாரு, தீ முதுகுப் பக்கம் வரும். அப்புறம் மெஷின் ரூம் இல்லாத எம்.ஆர்.எல். லிஃப்ட், இடம் மிச்சம்னு எல்லாரும் இப்ப இதத்தான் கேக்கறாங்க, இதுல மோட்டார் லிஃப்ட் ஏறி இறங்குற ஷாஃப்டுக்குள்ளயே உச்சியில இருக்கும், பிரேக்க விட்டு கேபின கையால நகர்த்துற ரெஸ்க்யூ பேனல் பெரும்பாலும் மேல் மாடி கதவு ஓரத்துல இருக்கும். அந்த மாடியே புகையில இருந்தா நடுவுல மாட்டினவங்கள எங்களாலயும் எடுக்க முடியாது. மாடி நம்பரும் ஒரு குழப்பம். லோயர் கிரவுண்ட், அப்பர் கிரவுண்ட், மெஸனைன்னு லிஃப்ட்ல ஒரு கணக்கு இருக்கும், படிக்கட்டு சுவத்துல வேற கணக்கு இருக்கும். "மூணாவது மாடியில தீ"ன்னு ஒருத்தர் கத்தினா அது எந்த மூணு? பழைய கோடவுன் பக்கம் போனா கொலாப்சிபிள் கேட் போட்ட சரக்கு லிஃப்ட் இன்னும் ஓடுது, அந்த ஷாஃப்ட் முழுக்க செங்கல் சூளை புகைபோக்கி மாதிரி புகைய எல்லா மாடிக்கும் ஏத்திவிடும்.

சட்டத்துல ஓட்டைன்னு சொல்ல மாட்டேன். 2016 தேசிய கட்டிட விதித்தொகுப்பு 15 மீட்டருக்கு மேல உயரமான கட்டிடத்துக்கு ஃபயர் லிஃப்ட், அதாவது தீ நேரத்துல வீரர்கள் ஏறிப்போற லிஃப்ட் பத்தி தெளிவா சொல்லுது, குறைஞ்சது 8 பேர் ஏறணும், ஒரு நிமிஷத்துல உச்சி மாடிக்குப் போகணும், தரைத்தளத்துல லிஃப்ட வீரர்கள் தங்க கட்டுப்பாட்டுக்கு எடுத்துக்கற ஃபயர்மேன் சுவிட்ச் இருக்கணும். சுவிட்ச் இருக்கு சார், ஆனா ஒரு ஜவுளிக்கடையில அந்தக் கண்ணாடிப் பெட்டிக்கு முன்னாடி சேலை கட்டின பொம்மையத்தான் பாத்தேன். பொம்மைய நகர்த்திட்டு சுவிட்ச போட்டா லிஃப்ட் அசையல, பழைய கன்ட்ரோலர மாத்தினப்ப அந்த வயர யாரோ திரும்ப மாட்டாம டேப் சுத்தி விட்டிருக்காங்க. சுவிட்ச நம்பி ஏறுற வீரருக்கு இது தெரியுமா?

இங்கதான் பிரச்சனையோட வேர் இருக்குன்னு நான் நெனைக்கிறேன். லிஃப்டுக்கு லைசென்ஸ் குடுக்கறது மின் ஆய்வுத்துறை, 1997 லிஃப்ட் சட்டப்படி. தீ பாதுகாப்பு சான்று தீயணைப்புத்துறை. அவங்க கயிறு, பிரேக், எர்த் பாக்கறாங்க, இவங்க தண்ணி டேங்க், ஹோஸ், வெளியேறுற வழி பாக்கறாங்க. ஏ.ஆர்.டி. எங்க நிறுத்தும், பின்கதவு எந்த மாடியில திறக்கும், கதவு திறக்குற முக்கோண சாவி யாருகிட்ட இருக்குன்னு ரெண்டு பேரும் ஒண்ணா உக்காந்து பாக்கறதா எனக்குத் தெரியல, நான் வேலை செஞ்ச எந்த பில்டிங்லயும் பாத்ததில்ல.

கேக்கறது பெரிசா ஒண்ணும் இல்ல. ஒவ்வொரு கடை பில்டிங் வாசல்லயும் ஃபயர்மேன் சுவிட்ச் பக்கத்துல ஒரு பலகை வைக்கச் சொல்லுங்க, எந்த லிஃப்ட் எந்த மாடியில எந்தப் பக்கம் திறக்கும், மோட்டார் எங்க, ரெஸ்க்யூ பேனல் எங்க, எத ஃபயர் லிஃப்டா பயன்படுத்தலாம், எதுல கால் வைக்கவே கூடாதுன்னு தமிழ்ல பெரிய எழுத்துல இருக்கட்டும். சாவி ஒண்ணு அங்கயே சீல் வச்ச பெட்டியில இருக்கட்டும். மாசாமாசம் நாங்க சர்வீஸ் வர்றப்ப ஃபயர்மேன் சுவிட்ச போட்டுப் பாத்து புக்குல கையெழுத்துப் போடறத கட்டாயமாக்குங்க, கூடுதலா ஆகுறது கொஞ்ச நேரம்தான். தீபாவளி கூட்டம் சேர்றதுக்கு முன்னாடி ரெண்டு துறையும் லிஃப்ட் மெக்கானிக்க கூட வச்சுக்கிட்டு ரங்கநாதன் தெருவுலயும் உஸ்மான் ரோட்லயும் ஒரு ரவுண்ட் வந்தா போதும், எங்கள மாதிரி ஆளுங்க கூப்பிட்டா சம்பளம் கேக்காம வருவோம்.

இப்படிக்கு,
ஒரு லிஃப்ட் மெக்கானிக், சென்னை