ஜிபிஎஸ் பெட்டி பேசாமல் போனால்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு, வணக்கம்.

போன மாதம் ஒருநாள் விடியற்காலை ஐந்து மணிக்குக் குளச்சலில் இருந்து போன். மீன் ஏற்றும் லாரி வைத்திருப்பவர், வண்டி நிற்கும் இடத்தைப் போனில் காட்டும் ஜிபிஎஸ் பெட்டி மாட்டியிருக்கிறார். "அண்ணே, வண்டி ஆப்பிரிக்கா பக்கம் கடலுக்குள்ள நிக்குண்ணு காட்டுது. வண்டி இங்க துறைமுகத்துலயாக்கும் நிக்குது. பெட்டி போச்சு. புதுசு ஒண்ணு எடுத்து வையுங்க, நான் வாறேன்."

புதுப் பெட்டி எடுத்து வைக்கவில்லை. அவர் சொன்ன ஒரு வரியிலேயே பெட்டி நன்றாக இருக்கிறது என்று பெரும்பாலும் தெரிந்துவிட்டது. வானத்தில் சாட்டிலைட் எதுவும் தென்படாதபோது சில பெட்டிகள் அட்சரேகை 0, தீர்க்கரேகை 0 என்று அனுப்பிவிடும். அந்தப் புள்ளி மேற்கு ஆப்பிரிக்காவை ஒட்டிய கினி வளைகுடாவில் இருக்கிறது. ஆக, லாரி 'ஆப்பிரிக்காவில்' நிற்கிறது என்றால் பெட்டிக்குக் கரண்ட் வருகிறது, டவர் கிடைக்கிறது, சர்வர் வரை தகவல் போய்ச் சேருகிறது. வானம் மட்டும் தெரியவில்லை. கேபினுக்குப் பின்னால், ஐஸ் தண்ணீர் தெறிக்கிற இடத்தில், ஆன்டெனா கேபிளின் இணைப்பு தொங்கிக்கொண்டிருந்தது. கழற்றினால் உள்ளே பச்சைப் பச்சையாகக் களிம்பு. கேபிளை மாற்றி, இணைப்பைக் கேபினுக்குள் இழுத்து வைத்தோம். பத்து நிமிடத்தில் லாரி குளச்சலுக்குத் திரும்பி வந்துவிட்டது.

இதைப் போல வாரத்துக்கு நாலைந்து பேர் 'ஜிபிஎஸ் போச்சு' என்று வருகிறார்கள். அதனால்தான் இந்த மடல். பெட்டியை மாற்றும் முன் என்ன பார்க்கிறோம், ஏன் அத்தனை கேள்வி கேட்கிறோம் என்பது உங்களுக்கும் தெரிந்தால் இருவருக்கும் நேரம் மிச்சம், உங்களுக்குப் பணமும் மிச்சம்.

முதலில் ஒரு தப்பெண்ணத்தை எடுத்துவிட வேண்டும். ஜிபிஎஸ் வேறு, சிம் வேறு. வண்டி எங்கே நிற்கிறது என்று பெட்டி கண்டுபிடிப்பதற்குச் சிம் தேவையே இல்லை. ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகிற சாட்டிலைட்டுகள் அனுப்புவதைக் கேட்டுக்கொண்டிருந்தாலே போதும். குறைந்தது நாலு சாட்டிலைட் தெரிந்தால் இடம் கணக்காகிவிடும். அப்படிக் கணக்கிட்ட இடத்தை உங்கள் போனுக்கு அனுப்பத்தான் சிம்மும் டவரும். ஒன்று காது, இன்னொன்று வாய். காது கேட்காத பெட்டியும் உண்டு, வாய் பேசாத பெட்டியும் உண்டு. கரண்டே இல்லாவிட்டால் இரண்டும் கிடையாது.

நாங்கள் முதலில் பார்ப்பது எப்போதும் கரண்டைத்தான். பெட்டிக்கு மூன்று கம்பி முக்கியம்: பேட்டரியில் இருந்து நேராக வருகிற மெயின், சாவி போட்டால் மட்டும் வருகிற இக்னிஷன் லைன், அப்புறம் வண்டித் தகட்டோடு சேர்கிற எர்த். மெயினில் ஃபியூஸ் போயிருந்தால் சுலபம், இரண்டு நிமிட வேலை. எங்களை அலைக்கழிப்பது எர்த்.

கன்னியாகுமரிக்குச் சவாரி ஓட்டும் ஒரு வேன். பகலில் ஒரு குறையும் இல்லை. இரவானால் பெட்டி வந்து வந்து போகும். இரண்டு இடத்தில் பெட்டியை மாற்றியும் பார்த்துவிட்டார்களாம். நாங்கள் வண்டியை ஸ்டார்ட் செய்து, ஹெட்லைட்டையும் ஏசியையும் போட்டு, மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவிலும் மறு முனையைப் பெட்டியின் எர்த் கம்பியிலும் வைத்தோம். ஏறத்தாழ சுழியம் காட்ட வேண்டிய இடத்தில் 1.6 வோல்ட் நின்றது. எர்த் கம்பியைப் பெயின்ட் அடித்த தகட்டின் மேல், அதே இடத்தில் இருக்கும் மற்ற கம்பிகளோடு சேர்த்து முறுக்கி வைத்திருக்கிறார்கள். பகலில் சமாளித்துக்கொண்டது. இரவில் லைட்டும் ஏசியும் சேர்ந்து அந்த ஒரு திருகாணி வழியாக ஓடியபோது மூச்சுத் திணறிவிட்டது. பெட்டிக்குள் இருந்து டவரோடு 2ஜியில் பேசும் மோடம் தகவல் அனுப்பும் கண நேரத்துக்கு 2 ஆம்பியர் வரைக்கும் இழுக்கும். அந்த நேரத்தில் வோல்டேஜ் படுத்தால் பெட்டி செத்துப் பிழைக்கும். உப்புத்தாளால் பெயின்ட்டைச் சுரண்டி, எர்த்தைத் தனியாக முறுக்கினோம். இன்று வரை அந்த வேன் அந்தக் குறையோடு திரும்ப வரவில்லை.

பெட்டிக்குள் சின்னதாக ஒரு பேட்டரியும் இருக்கும். மெயின் போனாலும் குறைந்தது 4 மணி நேரம் தாங்க வேண்டும் என்பது இந்தப் பெட்டிகளுக்கான தர விதியான ஏஐஎஸ் 140 சொல்வது. அதனால் மெயின் கம்பி அறுந்த உடனே பெட்டி நிற்காது. சிலர் 'நேற்று மத்தியானம் வரைக்கும் நல்லாத்தான் இருந்தது' என்பார்கள். நேற்று காலையில் எந்தப் பட்டறையில் நின்றீர்கள் என்று நாங்கள் கேட்பது அதற்காகத்தான். அங்கே மியூசிக் சிஸ்டம் மாட்டும்போது யாராவது நம் கம்பியை இழுத்திருப்பார்கள்.

அடுத்தது வானம். இங்கே உங்கள் ஒத்துழைப்பு தேவை. வண்டியைப் பட்டறையின் தகரக் கூரைக்குள் விட்டுவிட்டு 'ஏன் இன்னும் இடம் காட்டவில்லை' என்று கேட்டால் காட்டாது. திறந்த வெளியில், எஞ்சின் ஓட, கால் மணி நேரம் நிற்கட்டும். நெடுநாள் அணைந்து கிடந்த பெட்டிக்குச் சாட்டிலைட்டுகளின் முழு அட்டவணை வந்து சேரவே பன்னிரண்டரை நிமிடம் ஆகும். திருவட்டார், குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டத்துக்குள், மழையில் நனைந்த இலைக்கூட்டத்தின் அடியில் நின்றால் சிக்னல் மங்கும். மார்த்தாண்டம் இரும்புப் பாலத்தின் அடியில் ஊர்ந்து போகும் வண்டி பக்கத்துத் தெருவில் போவதாகக் காட்டும். இதெல்லாம் பழுது அல்ல. முன் கண்ணாடியில் உலோகப் படலம் உள்ள ஃபிலிம் ஒட்டியிருந்தால் அது வேறு கதை, அது சிக்னலை மறைக்கும். சிகரெட் லைட்டர் துளையில் செருகும் மலிவான சார்ஜரும் அப்படித்தான், சில சார்ஜர்களின் இரைச்சலே ஜிபிஎஸ்ஸை மூழ்கடித்துவிடும். அதைப் பிடுங்கியதும் வண்டி சரியாகக் காட்டினால் செலவு ஒரு பைசா இல்லை. நாங்கள் கூலி கேட்கவும் கூசும்.

ஆன்டெனாவைச் சோதிப்பது எளிது. அதற்கு வேண்டிய 3 முதல் 5 வோல்ட் வரையான கரண்டைப் பெட்டியே கேபிளின் நடுக்கம்பி வழியாக அனுப்பும். அது ஆன்டெனா முனை வரை வருகிறதா என்று பார்த்தால் போதும். கம்பெனியிலேயே பொருத்தி வரும் கார்களில் கேபிளைச் செருகும் கப்ளரின் நிறமே சொல்லிவிடும். நீலம் என்றால் ஜிபிஎஸ், கருஞ்சிவப்பு என்றால் மொபைல் டவருக்கானது.

டவர் விஷயத்தில்தான் சண்டை அதிகம் வரும். 'என் போன்ல நாலு கட்டை இருக்கே, பெட்டிக்கு மட்டும் ஏன் இல்ல?' உங்கள் போனில் இருப்பது வேறு கம்பெனி சிம்மாக இருக்கலாம். ஜியோவுக்கு 2ஜி கிடையாது, ஏர்டெல் 3ஜியை மூடிவிட்டது. பழைய 2ஜி பெட்டிக்குள் ஜியோ சிம்மைப் போட்டுக் காத்திருந்தால் காத்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான். கீரிப்பாறை, கோதையாறு பக்கம் மலைக்குள் போனால் எந்தச் சிம்முக்கும் பல இடங்களில் டவர் இல்லை. நல்ல பெட்டி அந்த நேரத்துத் தகவலைச் சேர்த்து வைத்து, கீழே இறங்கியதும் மொத்தமாக அனுப்பும். அப்போது வரைபடத்தில் விட்டுப்போன கோடு பின்னால் வந்து நிரம்பும். நிரம்பினால் பெட்டி நலம். நிரம்பவே இல்லை என்றால் கொண்டு வாருங்கள்.

டவர் கிடைத்தும் தகவல் போகவில்லையென்றால் சிம்மின் கணக்கு முடிந்திருக்கும். இந்தச் சிம்முக்கு உங்கள் போன் நம்பர் மாதிரி 10 இலக்கம் இல்லை, 13 இலக்கம். பெட்டிக்கடையில் ரீசார்ஜ் செய்ய முடியாது. விற்றவர் வழியாகத்தான் புதுப்பிக்க வேண்டும். பெட்டி வாங்கிய பில்லைத் தேடி எடுங்கள், எத்தனை வருடத்துக்குக் கட்டினீர்கள் என்று அதில் இருக்கும். போன வாரம் வந்த ஒருவர் பில்லை வண்டியின் ஆர்சி புத்தகத்துக்குள் மடித்து வைத்திருந்தார். அவர் கையைப் பிடித்துக் குலுக்கலாம் போல இருந்தது.

வளைகுடாவில் இருக்கும் நம்மூர்க்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. காரை வீட்டில் மூடிப் போட்டுவிட்டுப் போயிருப்பீர்கள். அங்கிருந்து ஆப்பைத் திறந்தால் பத்து நாளைக்கு முந்தைய இடத்தையே காட்டும். கார் திருட்டுப் போகவில்லை, பதறாதீர்கள். நெடுநாள் ஓடாத கார் பேட்டரியைக் காப்பாற்றுவதற்காக, ஆப்புக்குத் தகவல் அனுப்பும் உறுப்பைத் தூங்க வைத்துவிடும். வீட்டில் இருக்கும் அப்பாவிடமோ மச்சானிடமோ சொல்லி அரை மணி நேரம் ஓட்டச் சொல்லுங்கள். எஞ்சினை அணைத்துச் சில மணி நேரம் கழித்துப் பேட்டரியில் 12.6 வோல்ட் இருந்தால் நல்லது. 12க்கு இறங்கியிருந்தால் முதலில் பேட்டரியைக் கவனியுங்கள்.

கம்பெனியே பொருத்தி வரும் கார்களில் ஸ்கேனரை மாட்டினால் சில நேரம் யூ 0198 என்று ஒரு பழுதுக் குறியீடு வரும். அந்தத் தகவல் தொடர்பு உறுப்போடு மற்ற உறுப்புகளால் பேச முடியவில்லை என்று அர்த்தம். உறுப்பு செத்துவிட்டது என்று அர்த்தம் அல்ல. பெரும்பாலும் ஃபியூஸோ கப்ளரோதான். உண்மையிலேயே செத்திருந்தாலும் உடைத்த வண்டியில் இருந்து ஒன்றை வாங்கி வந்து மாட்டச் சொல்லாதீர்கள். அதன் அடையாள எண்ணான ஐஎம்இஐயும் உள்ளிருக்கும் சிம்மும் பழைய வண்டியின் பேரில் பதிவாகியிருக்கும். காசைக் கொடுத்து அடுத்தவன் காரின் அடையாளத்தை வாங்கி வருவதுதான் மிச்சம். வாரன்டி இருக்கும் காரில் நாங்கள் கை வைக்க மாட்டோம். என்ன குறை என்று எழுதித் தருகிறோம், ஷோரூமில் காட்டுங்கள்.

2019 ஜனவரி 1 முதல் பதிவான வேன், டாக்சி, பேருந்துகளுக்கு இந்தப் பெட்டியும் அவசர பட்டனும் கட்டாயம். ஆட்டோவுக்கு இல்லை. பட்டனையும் சோதிக்க வேண்டும் என்பதால் எஃப்சிக்கு (வண்டியின் தகுதிச் சான்றுக்கு) முந்தைய நாள் சாயங்காலம் ஓடி வராதீர்கள். சிம் புதுப்பிக்கவே சில நாள் பிடிக்கும். ஒரு வாரம் முந்தி வாருங்கள்.

வரும்போது மூன்று விஷயம் சொன்னால் போதும். கடைசியாக எந்த இடம், எந்த நேரம் காட்டியது? அப்போது எஞ்சின் ஓடியதா? அதற்கு முந்தின நாள் வண்டியில் யார் என்ன வேலை பார்த்தார்கள்? ஆப்பில் தெரிவதை ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பிவிட்டு வந்தால் இன்னும் நல்லது. பார்ப்பதற்குக் கூலி 300 ரூபாய், வேலை செய்தால் அதைக் கழித்துக்கொள்வோம். ஞாயிறு விடுமுறை. மீன் வண்டிகளுக்கு மட்டும் காலை ஆறு மணிக்கே கதவு திறந்திருக்கும், ஐந்து மணிக்குப் போன் செய்தால் எடுப்போம், ஆனால் தூக்கக் கலக்கத்தில்தான் பேசுவோம்.

இப்படிக்கு,
உங்கள் ஆட்டோ எலக்ட்ரிக்கல் பட்டறை,
தக்கலை