பால்குடிப் பிள்ளைகளுக்காக, பனியன் கம்பெனி முதலாளிகளுக்கு ஒரு மடல்

மதிப்பிற்குரிய திருப்பூர் பனியன் கம்பெனி முதலாளிகளுக்கு,

வணக்கமுங்க. அவிநாசி பக்கம் கிராம சுகாதார செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். உங்களிடம் டெய்லராகவும் செக்கிங்குக்கும் வரும் பெண்களை, பிரசவத்துக்கு முன்னும் பின்னும் வீடு தேடிப் போய்ப் பார்த்தவள். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

தாய்மார்கள் பால் எடுக்க உங்களில் சிலர் ஒரு அறையும் பம்பும் ஏற்பாடு செய்வதாகக் கேள்விப்பட்டேன். மனதார நன்றி. ஆனால் அதோடு வேலை முடிந்தது என்று இருந்துவிடாதீர்கள்.

பீய்ச்சிய பாலும் தாய்ப்பால்தான். பவுடர் பாலை அதன் பக்கத்தில் வைக்கவே முடியாது. எடை குறைவாகப் பிறந்து, உறிஞ்சத் தெம்பில்லாத பிள்ளைகள் அதைக் குடித்துத்தான் தேறுகின்றன. தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் 2014 முதல் தாய்ப்பால் வங்கிகள் நடப்பதும் அவர்களுக்காகத்தான். இருந்தாலும் பிள்ளை நேராகக் குடிப்பதற்கு அது சரிநிகர் ஆகாது.

பிள்ளை வாய் வைத்து உறிஞ்ச உறிஞ்சத்தான் பால் ஊறும். பம்ப் எல்லாத் தாய்க்கும் அந்த அளவு இழுப்பதில்லை. மார்பில் பால் தேங்கினால் உடம்பு சுரப்பைக் குறைத்துவிடும். ராத்திரிப் பாலில் தூக்கத்துக்கு உதவும் மெலடோனின் இருக்கிறது, பகல் பாலில் அநேகமாக இல்லை. பகலில் எடுத்ததை ராத்திரி கொடுத்தால் அந்தக் கணக்கு மாறிப்போகிறது. பிள்ளைக்கு உடம்பு சரியில்லாதபோது தாய்ப்பாலில் நோயை எதிர்க்கும் அணுக்கள் கூடுவதை ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள். பாலை உறைய வைத்தால் அந்த உயிரணுக்கள் பெரும்பாலும் செத்துவிடும். பிறகு சூடு. 25 டிகிரியில் 4 மணி நேரம் தாங்கும் பால், சித்திரை மாதம் ஷீட் கூரைக்கடியில் பையில் கிடந்தால் என்ன ஆகும்?

ஒரு பெண்ணைச் சொல்கிறேன். காண்ட்ராக்டில் வேலை, ஈஎஸ்ஐ என்கிற தொழிலாளர் காப்பீடு கிடையாது. மூன்றாம் மாதமே மிஷினுக்குத் திரும்பிவிட்டாள். காலை எட்டரைக்குப் போனால் ஒன்றரை ஷிப்ட் முடித்து ராத்திரி எட்டரைக்கு வெளியே வருவாள். பதினோரு மணி வாக்கில் மார்பு கல்லாகக் கட்டிக்கொள்ளும், சுடிதார் முன்பக்கம் நனையும். கட்டிங் வேஸ்ட் துணியை மடித்து உள்ளே வைத்துக்கொண்டு தைப்பாள். டீ டைமில் கக்கூசுக்குள் நின்று பீய்ச்சிச் சாக்கடையில் விடுவாள். பிள்ளைக்குப் போக வேண்டிய பால்! கொஞ்ச நாளில், "பால் வத்திப் போச்சுங்கக்கா" என்றாள். அது தானாக வற்றவில்லை.

அதனால் முதலில் கேட்பது பம்ப் அல்ல, பிள்ளையைத் தாய்க்குப் பக்கத்தில் கொண்டுவரும் ஏற்பாடு. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பிள்ளைகள் காப்பகம் வேண்டும், தாய் நாளுக்கு 4 முறை போய்ப் பார்க்கலாம் என்று 2017-ல் மகப்பேறு சட்டத்தைத் திருத்தியபோதே சொல்லிவிட்டார்கள். உங்களில் பலர் இடமில்லை என்பீர்கள். சரி, ஒரே வீதியில் நாலு கம்பெனி இருக்கிறதே, சேர்ந்து ஒரு வீட்டை வாடகைக்கு எடுங்கள். பொதுக் காப்பகத்துக்கும் சட்டத்தில் இடமுண்டு. நல்ல ஆயா ஒருவர், தொட்டில், தண்ணீர், ஃபேன் போதும். தாய் போய்ப் பால் கொடுத்துவிட்டு வரும் நேரத்தைப் பீஸ் ரேட்டில், அதாவது தைத்த எண்ணிக்கைக்குத் தரும் கூலியில், கழிக்காதீர்கள். கழித்தால் அவள் போகமாட்டாள். இது எனக்கு நன்றாகத் தெரியும்.

பிள்ளையை ஊரில் அம்மிச்சியிடம் (அம்மாவைப் பெற்றவளிடம்) விட்டுவிட்டு பஸ்ஸில் வருபவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குத்தான் அந்த அறை. உள்ளே தாழ்ப்பாள், கைகழுவத் தண்ணீர், நாற்காலி, சின்ன ஃபிரிட்ஜ். வீட்டுக்குக் கொண்டுபோக ஐஸ் வைத்த டப்பா. கையாலேயே பீய்ச்சலாம், விலை உயர்ந்த பம்ப் கட்டாயமில்லை. வீட்டில் பாட்டில் வேண்டாம் என்றும் சொல்லி அனுப்புங்கள். பாட்டிலில் பால் தானாக வந்து விழும். அதில் பழகிய பிள்ளை, சாயங்காலம் தாய் எடுத்து அணைத்தாலும் முகத்தைத் திருப்பிக்கொள்ளலாம். அம்மிச்சிகளுக்குப் பாலாடை, அதான் பால் புகட்டும் மூக்கு வைத்த சின்னக் கிண்ணம், பழக்கமானதுதான். பிள்ளையைச் சற்றே நிமிர்த்தி மடியில் வைத்து, பாலாடை மூக்கை உதட்டோரம் வைத்து, பிள்ளை விழுங்க விழுங்கக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்த்தால் போதும். ஒரேயடியாக ஊற்றக்கூடாது.

காண்ட்ராக்ட் பெண்களையும் ஈஎஸ்ஐயில் சேர்த்துவிட்டால், தகுதி வந்தவர்கள் முதல் இரண்டு பிரசவத்துக்கு 26 வாரம் சம்பளத்தோடு வீட்டில் இருப்பார்கள். பிள்ளைக்குத் தாய்ப்பால் மட்டுமே கொடுக்க வேண்டிய ஆறு மாதத்தில் பெரும்பகுதி அதிலேயே கழிந்துவிடும். மீதிக்குத்தான் காப்பகமும் அறையும்.

உங்கள் அடுத்த சங்கக் கூட்டத்தில் இதை ஒரு பொருளாக எடுங்கள். காப்பகத்துக்கு ஆயா வேலைக்கு வருபவர்களுக்குப் பாலாடை பிடிக்கவும், பாலைப் பத்திரப்படுத்தவும் சொல்லிக்கொடுக்க நான் வருகிறேன். சம்பளம் வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கிராம சுகாதார செவிலியர்