ராணி உடுத்திய பட்டு

பாங்காக்,
நவம்பர் 2025

அன்புள்ள அப்பாவுக்கு,

போனில் நீங்கள் கேட்டதற்கு ஒழுங்காகப் பதில் சொல்ல முடியவில்லை, பிள்ளைகள் போட்ட கூச்சல் அப்படி. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

டிவியில் காட்டியது நிஜம்தான், ஊரே கறுப்பு உடையில் இருக்கிறது. தாய்லாந்து ராணி சிரிகிட் அக்டோபர் 24-ஆம் தேதி இரவு சூலாலங்கோன் ஆஸ்பத்திரியில் காலமானார். வயது 93. அரசு ஊழியர்களுக்கு ஒரு வருஷம் துக்க உடை. மற்றவர்கள் 90 நாள் கறுப்போ மங்கிய நிறமோ உடுத்தும்படி கேட்டிருக்கிறார்கள், கட்டாயம் இல்லை. "கறுப்பு வீட்டுக்கு ஆகாது" என்று அம்மா சொல்லிச் சொல்லி வளர்த்ததில் என்னிடம் ஒரு கறுப்புத் துணிகூட இல்லை. சந்தையில் போய் இரண்டு சட்டை வாங்கி வந்தேன். அம்மாவிடம் சொல்ல வேண்டாம்.

உடனே தகனம் கிடையாது. உடல் அரண்மனைக்குள் துசித் மகா பிரசாத் மண்டபத்தில் இருக்கிறது. பிக்குகள் வந்து ஓதுகிறார்கள். இவர் கணவர் பூமிபோல் ராஜா இறந்தது 2016 அக்டோபரில், தகனம் நடந்தது 2017 அக்டோபரில். அந்தச் சமயம் நாங்கள் இங்கே வரவில்லை. சீலோம் மாரியம்மன் கோவிலில் பார்க்கிற பழைய ஆட்கள் அதைப் பற்றி இன்றும் கதை கதையாகச் சொல்கிறார்கள்.

"ஆட்சி செய்யாத ராணிக்கு இவ்வளவா?" என்று கேட்டீர்கள். நேராக ஆண்டவர் இல்லைதான். ராஜாவின் மனைவி, இப்போதைய ராஜாவின் தாய். ஆனாலும் 1956-இல் பூமிபோல் ராஜா கொஞ்ச நாள் துறவு பூண்டு மடத்துக்குப் போனபோது, அவர் இடத்தில் இருந்து பொறுப்பைப் பார்த்தது இவர்தான். அப்போது வயது 24.

பிறந்த வருஷம் 1932. அதே வருஷம் ஜூனில்தான் இங்கே முழு முடியாட்சி போய் அரசியல் சட்டம் வந்தது. ராணியின் அப்பா அரச வம்சத்தவர், தூதராக வெளிநாடுகளில் வேலை பார்த்தவர். பெண் பாரிசில் பியானோ படித்துக்கொண்டிருந்தபோதுதான் சுவிட்சர்லாந்தில் படித்துவந்த இளம் ராஜாவோடு பழக்கம். 1948-இல் லோசான் பக்கத்தில் கார் விபத்தில் ராஜாவுக்கு ஒரு கண் பார்வை போயிற்று. ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்து வந்ததில் நெருக்கம் கூடி, அடுத்த வருஷம் நிச்சயம், 1950 ஏப்ரலில் கல்யாணம், ஒரு வாரத்தில் முடிசூட்டு. நான்கு பிள்ளைகள். சரி, இதெல்லாம் பேப்பரில் வந்திருக்கும்.

உங்களுக்கு எழுத நினைத்தது வேறு. அரண்மனை வளாகத்துக்குள் இவர் பெயரில் ஒரு துணி அருங்காட்சியகம் இருக்கிறது, 2012-இல் திறந்தது. போன மழைக்காலத்தில் உங்கள் பேத்தியைக் கூட்டிக்கொண்டு போனேன். 1960-இல் ராஜாவும் ராணியும் அமெரிக்கா, ஐரோப்பா என்று மாதக்கணக்கில் சுற்றுப்பயணம் போனார்கள். புறப்படுவதற்கு முன் பெரிய கேள்வி, என்ன உடுத்திக்கொண்டு போவது? நமக்குப் புடவை இருப்பதுபோல இவர்களுக்கு "இதுதான் எங்கள் உடை" என்று சொல்லிக்கொள்ள அப்போது நிலையாக ஒன்று இல்லை. பழைய அரண்மனைப் படங்களைத் தேடிப் பார்க்கச் சொல்லி, அதிலிருந்து எடுத்துத் தைத்ததுதான் இன்று எல்லாரும் கல்யாணத்துக்கு உடுத்துகிற தாய்லாந்து உடை. மொத்தம் எட்டு வகை. சித்ரலதா, அமரின், துசித், சக்ரி என்று அரண்மனை, மண்டபப் பெயர்களையே வைத்துவிட்டார்கள். மேல்நாட்டு உடைகளைப் பாரிசில் பியர் பால்மேன் தைத்துக் கொடுத்தார். துணி மட்டும் பல உடைகளுக்கு இங்கத்திப் பட்டுதான்.

அப்பா, நான் அதிக நேரம் நின்றது மட்மீ துணி முன்னால். போச்சம்பள்ளிச் சேலை பார்த்திருக்கிறீர்கள் அல்லவா, அந்த இனம். பாவு, அதாவது நீள நூல், ஒரே நிறம். டிசைன் முழுக்க ஊடையில், குறுக்கே ஓடுகிற நூலில். துணியின் அகலத்துக்கு ஒரு சட்டத்தில் ஊடை நூலைச் சுற்றி, சாயம் ஏறக் கூடாத இடத்தை எல்லாம் கட்டிவிடுகிறார்கள். முன்பு வாழைநார், இப்போது பிளாஸ்டிக் நார். ஒரு நிறத்தில் முக்கி, அவிழ்த்து, வேறு இடத்தைக் கட்டி, அடுத்த நிறத்தில் முக்குகிறார்கள். சிவப்புக்கு அரக்கு, நீலத்துக்கு அவுரி, மஞ்சளுக்குப் பலா மரக்கட்டை. பிறகு அந்த நூலைத் தார்க் குச்சிகளில் சுற்றி வரிசை குலையாமல் கோத்து வைத்து நெய்ய வேண்டும். ஒவ்வொரு ஊடை விழுந்ததும் விரலால் இந்தப் பக்கம் ஒரு மயிரிழை, அந்தப் பக்கம் ஒரு மயிரிழை இழுத்துச் சரிபார்க்கிறார்கள். தறி குழித்தறி இல்லை. மரச் சட்டத்தறி, பலகைமேல் உட்கார்ந்து நெய்கிறார்கள். உங்கள் முதுகுக்கு இது தேவலை என்று நினைத்துக்கொண்டேன்.

வடகிழக்கே இசான் என்று வறண்ட சீமை. அங்கே கிராமத்துப் பெண்கள் தங்களுக்காக நெய்து கட்டிக்கொண்ட துணி இது. பட்டணத்தில் மதிப்புக் கிடையாது. 1970-இல் நக்கோன் பனோமில் வெள்ளம் வந்தபோது பார்க்கப் போன ராணி, வரிசையில் உட்கார்ந்திருந்த பெண்களின் இடுப்புத் துணியைப் பார்த்து, நெய்து கொடுங்கள், நான் வாங்கிக்கொள்கிறேன் என்றாராம். வாங்கியதோடு விடாமல் தானே உடுத்தினார். ராணி உடுத்தியதும் அமைச்சர் வீட்டு அம்மாக்களும் உடுத்த ஆரம்பித்தார்கள். 1976-இல் அதற்கென்று சப்போர்ட் என்ற அறக்கட்டளை. சக்கோன் நக்கோன் பக்கம் பூபான் அரண்மனையில் தங்கும்போது, கிராமத்தார் மூட்டை மூட்டையாகத் துணி கொண்டுவருவார்களாம். பாயில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்து எடுப்பாராம்.

பழைய போட்டோ ஒன்றில் அப்படி ஒரு காட்சி. எனக்கு நீங்கள் நெய்து முடித்த சேலையை மஞ்சள் துணியில் சுற்றி எடுத்துப் போய், முதலாளி வீட்டுத் திண்ணையில் மதியம் வரை காத்திருந்துவிட்டு, "அடுத்த வாரம் வா" என்ற பதிலோடு திரும்புவதுதான் ஞாபகம் வந்தது. அந்த ஆள் ஒரு நாளாவது சேலையைப் பிரித்துப் பார்த்திருப்பாரா?

முத்திரையும் உண்டு, நம் சில்க் மார்க் மாதிரி. இங்கே மயில் படம். தங்க மயில் என்றால் நாட்டுப் புழு, கையால் இழுத்த நூல், கைத்தறி. அதற்குக் கீழே வெள்ளி, நீலம், கலப்புப் பட்டுக்குப் பச்சை. பச்சை மயிலைத் தங்க மயில் விலைக்குத் தள்ளிவிடும் கடைக்காரர்களும் இருக்கிறார்கள். அந்த விஷயத்தில் எல்லா ஊரும் ஒன்றுதான்.

எங்கள் தெருமுனையில் சோம் தம் (பப்பாளிக்காய் சாலட்) இடித்து விற்கிற அக்காவுக்கு ஊர் இசானில் சொன்னபோட். மட்மீக்குப் பேர்போன ஊர். அவர் அம்மா இன்னமும் நெய்கிறார். "நீ ஏன் நெய்யவில்லை?" என்று கேட்டேன். உலக்கையை நிறுத்தாமலே, "ஒரு துணிக்கு மாதக்கணக்கு, இங்கே அன்றைக்கு விற்றது அன்றைக்குக் கையில்" என்றார். ராணி வாங்கினார், பேர் வந்தது, ஆனால் மகள் தறியில் உட்காரவில்லை. நானும் உட்காரவில்லையே, நான் என்ன சொல்ல!

எல்லாரும் ஒரே மாதிரி துக்கப்படுகிறார்கள் என்றும் எண்ணிவிடாதீர்கள். 2008-இல் மஞ்சள் சட்டைக்காரர்கள் (அரச குடும்பத்தின் பக்கம் நிற்பவர்கள்) நடத்திய போராட்டத்தில் இறந்துபோன ஒரு பெண்ணின் இறுதிச் சடங்குக்கு ராணி நேரில் போனார். எதிர் அணியான சிவப்புச் சட்டைக்காரர்களுக்கு அது ஆறாத மனவருத்தம். அவர்களுக்குப் பலம் எங்கே தெரியுமா? இதே இசானில். இதையெல்லாம் இங்கே யாரும் வாய்விட்டுப் பேச மாட்டார்கள். அரச குடும்பத்தை இழிவுபடுத்தினதாக வழக்கு வந்தால் 3 முதல் 15 வருஷம் வரை ஜெயில். நானும் கேட்டால் தலையாட்டுவதோடு சரி.

ராணியின் பிறந்தநாள் ஆகஸ்ட் 12, அதுதான் இங்கே அன்னையர் தினம். பள்ளிக்கூடத்தில் அம்மாக்களை நாற்காலி போட்டு வரிசையாக உட்கார வைக்கிறார்கள். பிள்ளைகள் முட்டிபோட்டு நகர்ந்து வந்து மல்லிகை மாலை கொடுத்துக் காலில் விழுகிறார்கள். உங்கள் பேத்தி விழுந்தவள், எழுந்திருக்காமல் என் மெட்டியைப் பிடித்துத் திருகிக்கொண்டிருந்தாள். டீச்சர் வந்து தூக்கிவிட்டார்.

அப்புறம், இவர்களிடம் ராமாயணக் கூத்து உண்டு, கோன் என்று பெயர், முகமூடி போட்டு ஆடுவது. அது மங்கிப்போன காலத்தில் திரும்ப எடுத்து நிறுத்தியதும் இந்த ராணிதான். ஆடை செய்யவே நக்கோன் சி தம்மராட்டில் பழைய ஜரிகை நெசவைத் தொடங்க வைத்தார். நீங்கள் இங்கே வந்தால் முதலில் அதற்குத்தான் கூட்டிப்போவேன். டிக்கெட் விலையைக் கேட்கக் கூடாது.

சோம் தம் அக்காவின் அம்மா நெய்த மட்மீ ஒரு துண்டு வாங்கி வைத்திருக்கிறேன். என் வீட்டுக்காரர் கடையில் வேலை செய்கிற ஒருவர் திருச்சிக்கு வருகிறார், அவரிடம் கொடுத்தனுப்புகிறேன். வெளிச்சத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, ஊடை எப்படிச் சேர்கிறது என்று எனக்குப் போனில் சொல்லுங்கள். தெரிந்துகொள்கிறேன் என்று நூல் நூலாகப் பிரித்துவிடாதீர்கள், அது அம்மாவுக்கு.

உங்கள் மகள்