பாக் ஹாஜி வீட்டில் நோன்பு திறப்பு

ஜொகூர் பாரு, மலேசியா,
மார்ச் 2026.

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. கண்புரை அறுவை நல்லபடியாக முடிந்து, தறிக்கொட்டகைப் பக்கம் மறுபடியும் போய்வரத் தொடங்கிவிட்டாய் என்று அறிந்து மகிழ்ந்தேன். கடல் கடந்து வந்த இடத்தில் பொழுது எப்படிப் போகிறது என்று கேட்டிருந்தாய். பேரனைப் பள்ளியில் விட்டு அழைத்து வருகிறேன் என்ற வழக்கமான பதிலை விட்டுவிட்டு, சென்ற வாரம் அடுத்த வீட்டில் நடந்த நோன்பு திறப்பு விருந்துக்கு மலாய் உடை உடுத்திப் போய்வந்ததைப் பற்றி எழுதுகிறேன். பட்டிலும் ஜரிகையிலும் காலம் கழித்த உனக்கு இதில் சுவையான செய்திகள் உண்டு.

அழைத்தவர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். தெருவில் சீனர், தமிழர், மலாய்க்காரர் எல்லோருமே அவரைப் 'பாக் ஹாஜி' என்றுதான் அழைக்கிறோம். ரமலான் மாதம் இங்கு பிப்ரவரி 19ஆம் தேதி தொடங்கியது. நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பதால் இந்த ஊரில் கோடைப் பகல், குளிர்காலப் பகல் என்ற வேறுபாடு ஏறக்குறைய இல்லை. காலை ஆறு மணியை ஒட்டித் தொடங்கும் நோன்பு மாலை ஏழேகால் மணியைத் தாண்டி முடிகிறது. எந்தப் பருவத்தில் ரமலான் வந்தாலும் 13 மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலான விரதம்தான். மழை ஓய்ந்த பிற்பகல்களின் புழுக்கத்தில் தண்ணீரும் இல்லாமல் இருப்பது எளிதன்று என்பதை, அந்தப் பெரியவர் மாலை நான்கு மணிக்கும் தம் தோட்டத்துச் செடிகளைக் கவனித்துக்கொண்டிருப்பதைக் கண்டு வியக்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன். எனக்குச் சர்க்கரை மாத்திரை உண்டு என்பதால், நோன்பிருந்து பார்க்கும் ஆசையை மருத்துவர் முளையிலேயே கிள்ளிவிட்டார்.

அழைப்போடு அவர் ஒரு வேண்டுகோளும் வைத்தார். தம் பிள்ளைகளும் மருமக்களும் சிங்கப்பூரிலிருந்தும் கோலாலம்பூரிலிருந்தும் வருவதால் அன்று ஆண்கள் எல்லோரும் பாஜு மெலாயு என்கிற மலாய் மரபுடை அணிவதாக ஏற்பாடு. எனக்கும் உடுத்திப் பார்க்க விருப்பமா என்று கேட்டார். பெண்கள் அணியும் பாஜு கூரோங், அதாவது நீளச் சட்டையும் பாவாடையும், இந்த நாட்டில் எல்லோருக்கும் பழகிய உடை. தமிழ்ப் பெண்களும் சீனப் பெண்களும் அதை அலுவலகத்துக்கு அணிந்து செல்வதைத் தினமும் காணலாம். பள்ளி மாணவியருக்கு அது சீருடையாகவும் இருக்கிறது. ஆண்களின் உடை அந்த அளவுக்குப் பிற இனத்தாரிடம் போய்ச் சேரவில்லை. அதனால் முதலில் எனக்குத் தயக்கமாக இருந்தது. நோன்பிருக்காதவன், அந்தச் சமயத்தைச் சேராதவன், அவர்களது பண்டிகை உடையில் போய் உட்காருவது வேடம் கட்டியதுபோல் ஆகிவிடாதா என்று கேட்டேன். உடை மலாய்க்காரர்களின் மரபு என்றும், தொழுகை வேறு உடை வேறு என்றும் அவர் பொறுமையாக விளக்கினார். கறுப்பு வெல்வெட்டுத் தொப்பியான சொங்கொக் பற்றியும் கேட்டேன். அரண்மனையில் விருது பெறச் செல்லும் பிற சமயத்தவர்களும் அதை அணிவது உண்டு என்றார். அதற்குமேல் மறுக்க எனக்குக் காரணம் இல்லை.

ரமலான் தொடங்குவதற்கு முன்பே தையற்காரர்கள் புதிய தையலை ஏற்பதை நிறுத்திவிடுகிறார்கள். நம் ஊரில் தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் எப்படியோ அப்படி. கடையில் ஆயத்தமாகத் தொங்கிய ஓர் இளம்பச்சைச் சட்டையையும் அதே துணியில் கால்சட்டையையும் வாங்கினேன். நிமிர்ந்த கழுத்துப்பட்டையும் ஐந்து பொத்தான்களும் கொண்ட 'செக்காக் மூசாங்' வகை அது. அந்த ஐந்து பொத்தான்கள் இஸ்லாத்தின் ஐந்து கடமைகளைக் குறிப்பதாகப் பலர் சொல்கிறார்கள். பாக் ஹாஜி அதைப் பார்த்துப் புன்னகைத்துவிட்டு, ஜொகூரில் வசிப்பவர் ஜொகூர்க்காரராக உடுத்த வேண்டாமா என்று சொல்லித் தம் இரண்டாம் மகனின் உடையை எனக்குக் கொடுத்தார். அது 'தெலுக் பெலாங்கா' வகை. கழுத்துப்பட்டை கிடையாது, வட்டக் கழுத்தில் ஒரே ஒரு பொத்தான், கழுத்தின் ஓரத்தில் விலாங்கு மீனின் முள்ளைப் போன்ற நெருக்கமான கைத்தையல். பின்னாளில் ஜொகூரின் சுல்தானான அபூபக்கர், சிங்கப்பூரில் தெலுக் பெலாங்காவில் இருந்த தம் ஆட்சியிருக்கையை நீரிணைக்கு இப்பால் மாற்றியதன் நினைவாக 1866இல் இந்த உடையை வகுத்தார் என்று இங்கே சொல்லப்படுகிறது. இப்போது நான் வசிக்கும் இந்த ஊர்தான் அந்தப் புதிய இருக்கை.

இனி உனக்கான பகுதி. கால்சட்டையின் மேல், இடுப்பிலிருந்து முழங்கால் அளவுக்கு ஒரு துணியைச் சுற்றிக் கட்டுகிறார்கள். அதற்குச் 'சம்பிங்' என்று பெயர். ஐந்து பொத்தான் சட்டையானால் சட்டைக்கு மேலேயும், தெலுக் பெலாங்காவானால் சட்டைக்கு உள்ளேயும் கட்ட வேண்டும். அவர் எனக்குக் கட்டிவிட்டது திரங்கானு மாநிலத்தில் நெய்த சொங்கெட் என்கிற ஜரிகைத் துணி. அவருடைய திருமணத்துக்கு வாங்கியதாம். கருஞ்சிவப்புப் பட்டுத் தரையில் ஜரிகைப் பூக்கள் சிதறியிருந்தன. நீளவாக்கில் ஓடும் பாவு இழைகளை மெல்லிய குச்சிகளால் தூக்கி, குறுக்கே ஓடும் தரையின் ஊடைக்கு மேல் ஜரிகையைக் கூடுதல் ஊடையாகச் செலுத்திக் கோலத்தை எழுப்புகிறார்கள். ஜாக்கார்டு இயந்திரம் வருவதற்கு முன் உன் அப்பா தறியில் கோலத்துக்கான நூல்களை அடை கட்டி நெய்தது எனக்கு நினைவுக்கு வந்தது. இந்த நெசவை யுனெஸ்கோ 2021இல் மனிதகுலத்தின் அருவ மரபுச் செல்வங்களின் பட்டியலில் சேர்த்திருக்கிறது. இத்தனை வேலைப்பாடுள்ள துணியை வாங்கிப் பாதிக்குமேல் சட்டைக்குள் மறைத்துவிடும் ஜொகூர்க்காரர்களின் மனம் எனக்குப் பிடித்திருக்கிறது. வியாபாரியான நீ ஒப்புக்கொள்ள மாட்டாய்.

என் மனைவி கூரோங் வேண்டாம் என்று, நீ தேர்ந்து கொடுத்த அரக்குச் சேலையையே உடுத்தி வந்தாள். வாசலிலேயே பாக் ஹாஜியின் மனைவி அவள் கரையைக் கையில் எடுத்துப் பார்த்தார். பிறகு என் இடுப்பில் இருந்த சம்பிங்கின் ஓரத்தைக் காட்டினார். இரண்டிலும் ஒரே வரிசை: நாம் ரேக்கு என்கிற கோபுர முக்கோணங்கள். அவர்களுக்கு அது மூங்கில் குருத்து. வீட்டுப் பெண்கள் எல்லோரும் சேலையைச் சூழ்ந்துகொண்டதில் கால்மணி நேரம் போயிற்று. நோன்பின் கடைசிக் கால்மணியைக் கடப்பதற்கு அது நல்ல வழியாகவும் இருந்தது.

கூடத்தில் பாய்களை விரித்து, நான்கு பேருக்கு ஒரு பெரிய தட்டு என்று வைத்திருந்தார்கள். பாக் ஹாஜியின் தாய்வழி ஜாவாவிலிருந்து வந்தது. ஜொகூரில் அப்படிப்பட்ட குடும்பங்கள் ஏராளம். அவர்களுடைய 'நாசி அம்பெங்' தான் அன்றைய உணவு. சோற்றைச் சுற்றிலும் சோயாச் சாற்றில் வெந்த கோழி, தேங்காய்த்துருவல் வறுவல், காராமணிக்காயுடன் வதக்கிய தெம்பே என்கிற நொதித்த சோயாக்கட்டி, மீ என்கிற நூடுல்ஸ் வறுவல், உப்புக்கருவாடு. ஒரே தட்டில் நால்வர் கை வைத்து உண்பதைக் கண்டபோது, காயல்பட்டினத்துத் திருமணத்தில் நாம் இருவரும் சஹன் என்கிற பொதுத்தட்டில் உட்கார்ந்தது உனக்கும் நினைவுக்கு வரும். குடிப்பதற்கு 'ஆயர் கத்திரா'. ஊறி உப்பிய பிசினும், சப்ஜா போன்ற விதையும், பேரீச்சம்பழமும் சேர்ந்த குளிர்ந்த பால். மதுரைக்காரன் யாரையாவது அழைத்துவந்து குடிக்கக் கொடுத்தால், ஜிகர்தண்டாவுக்கு இது என்ன உறவு என்று வழக்கே தொடுப்பான்.

எல்லாம் கண்முன்னே இருந்தன, யாரும் தொடவில்லை. சிறு பிள்ளைகளில் இருவருக்கு அது முதல் முழுநோன்பு என்பதால் தாய்மார் அவர்களை அடிக்கடி பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாங்கு ஒலித்ததும் பேரீச்சம்பழம், தண்ணீர், இரண்டு கூவே என்கிற பலகாரம், அவ்வளவுதான். பெருந்தட்டுகளைத் துணியால் மூடிவிட்டு ஆண்களும் பெண்களும் மஃக்ரிப் என்கிற அந்தித் தொழுகைக்கு எழுந்துவிட்டார்கள். நாள் முழுதும் பட்டினி கிடந்தவர்கள் உணவு கைக்கெட்டிய பிறகும் அதை விட்டு எழுந்து போவதை நான் எதிர்பார்க்கவில்லை. இங்குள்ள நட்சத்திர விடுதிகளின் ரமலான் விருந்துகளுக்கு மகனின் அலுவலகத்தார் அழைத்து நான் போயிருக்கிறேன். நூறு வகை உணவு, வரிசை, தட்டில் மலைபோலக் குவித்துப் பாதியை விட்டுச் செல்லும் கூட்டம். அதையே ரமலான் என்று நினைத்திருந்த எனக்கு, நோன்பு திறப்பது வேறு, வயிறு நிறைப்பது வேறு என்று அந்தச் சிறு இடைவெளி காட்டியது.

அந்த இடைவெளியில் தாழ்வாரத்தில் நானும் எதிர்வீட்டுச் சீனரும் மட்டுமே இருந்தோம். அவரும் பாஜு மெலாயுவில்தான் வந்திருந்தார். இந்த ஊரிலேயே பிறந்தவர் என்பதால் அவர் உடல் அதற்குப் பழகியிருந்தது. இடுப்பில் சம்பிங் அவிழ்ந்துவிடுமோ என்று நான் அடிக்கொரு தரம் தொட்டுப் பார்ப்பதைக் கண்டு, உள்மடிப்பை எப்படிச் சுருட்டிச் செருக வேண்டும் என்று காட்டித் தந்தார். சிறுவயதில் பாக் ஹாஜியின் தாயார் தம்மைத் தம் பிள்ளைகளோடு உட்கார வைத்து நோன்பு திறக்கச் செய்வார் என்றும், காலையில் தம் வீட்டில் கஞ்சி குடித்துவிட்டு வந்ததைப் பற்றி அந்த அம்மையார் விசாரித்ததே இல்லை என்றும் சொன்னார்.

தொழுகை முடிந்து அவர்கள் வந்தபின் சாப்பிட்டோம். என் தட்டில் அமர்ந்த பாக் ஹாஜி, கோழியின் நல்ல துண்டுகளை என் பக்கம் தள்ளிக்கொண்டே இருந்தார். உணவு சுவையானது, ஆனால் அதைப் பற்றி அதிகம் எழுதத் தோன்றவில்லை. என் மனத்தில் நிற்பது, எழுபதைக் கடந்த ஒருவர், பகல் முழுதும் ஒரு வாய்த் தண்ணீர் அருந்தாதவர், என் முன் குனிந்து தம் திருமணச் சம்பிங்கை எனக்குக் கட்டிவிட்டதுதான். நம் சங்கப் புலவர்கள் பாடிய வள்ளல்கள், வந்த பாணனின் கந்தலைக் களைந்து புத்தாடை உடுத்திய பிறகே ஊனும் சோறும் படைத்தார்கள் என்று கல்லூரியில் படித்தோம். அப்போது அதைப் புலவர்களின் மிகை என்று நீ கேலி செய்வாய். நான் அதை இனி மிகை என்று சொல்ல மாட்டேன்.

பிறகு ஆண்கள் தராவீஹ் என்கிற ரமலான் இரவுத் தொழுகைக்காகத் தெருமுனையில் உள்ள சூராவு என்கிற சிறு தொழுகைக்கூடத்துக்குப் புறப்பட்டார்கள். நாங்கள் வீடு திரும்பினோம். சம்பிங்கை மடித்துத் திருப்பிக் கொடுத்தபோது, பெருநாள் முடியும்வரை வைத்துக்கொள்ளும்படி சொல்லிவிட்டார். இம்மாதம் வரும் நோன்புப் பெருநாளான ஹரி ராயாவுக்கும் அவர்கள் வீட்டுக்குப் போக வேண்டும். வெறுங்கையோடு போக மனமில்லை. அவருடைய மனைவிக்கு, ரேக்கு வைத்த கரையோடு, உடலில் புட்டாப் பூக்கள் அதிகம் இல்லாத பட்டு ஒன்றை நீ தேர்ந்து அனுப்ப முடியுமா? கூரோங் தைக்கக்கூடிய அகலமும் நீளமும் வேண்டும்; அளவை மனைவி தனியாக எழுதியனுப்புவாள். உடலையும் கரையையும் வேறு வேறு நிறத்தில் நெய்து கோர்வையில் இணைப்பது எப்படி என்று அந்த அம்மையார் என்னிடம் கேட்டார். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன், அவருக்கு நிறைவாகவில்லை. அதையும் விளக்கமாக எழுது. சம்பிங்கின் ஓரத்தைப் பகல் வெளிச்சத்தில் படமெடுத்து உன் கைப்பேசிக்கு அனுப்பியிருக்கிறேன். ஜரிகையின் தரம் எப்படி என்று பார்த்துச் சொல்.

வீட்டில் அனைவரையும் விசாரித்ததாகச் சொல். கண்ணில் சொட்டுமருந்து விடுவதை மறக்காதே.

அன்புடன்,
உன் பழைய நண்பன்