மாமனாரின் ரைபிள்

கோத்தகிரி

அன்புள்ள ராமநாதனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தி பிறந்த செய்தியில் இங்கே எல்லோருக்கும் மகிழ்ச்சி. மாமனார் விட்டுச்சென்ற ரைபிளை வைத்துக்கொள்வதா, ஒப்படைத்துவிடுவதா என்று கேட்டிருந்தாய். வேட்டைக்கே வழியில்லாத நாட்டில் வேட்டைத் துப்பாக்கி எதற்கு என்று நீ கேட்பது நியாயம்தான்.

என்னிடம் இருப்பது இங்கிலாந்தின் பி.எஸ்.ஏ. கம்பெனி செய்த, .315 அங்குலக் குழல் கொண்ட ரைபிள்; தோட்டத்தை விற்றுவிட்டுக் கப்பலேறிய ஒரு துரையிடம் அப்பா வாங்கியது. படையின் .303 தோட்டா பொதுமக்கள் கைக்குப் போய்விடக் கூடாது என்று வெள்ளைக்கார அரசு கவலைப்பட்டதால், ஆஸ்திரியப் படைக்கென்று உருவான 8 மி.மீ. மான்லிக்கர் தோட்டாவுக்கு ஏற்ப இந்த ரகத்தைச் செய்தார்கள். பின்னாளில் வங்காளத்தில் உள்ள இச்சாப்பூர் அரசுத் துப்பாக்கித் தொழிற்சாலையும் .315 செய்யத் தொடங்கியது.

1879ஆம் ஆண்டிலேயே நீலகிரிக்கென்று தனி வேட்டைச் சட்டம் வந்துவிட்டதால், அப்பா காலத்திலும் நினைத்தபோது சுட முடியாது. 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தபின் அவர் ரைபிளைக் காட்டுக்குள் எடுத்துச் செல்லவே இல்லை. நான் சுட்டதெல்லாம் ரைபிள் கிளப்பின் காகித இலக்குகளைத்தான். வரையாட்டைப் பைனாகுலரில் பார்த்தால் போதும் என்பவன் நான் என்பது உனக்குத் தெரியும்.

உண்மையில் இதைச் சுடுவதைவிடத் துடைப்பதுதான் பெரிய வேலை. பழைய தோட்டாவின் கேப்பில், அதாவது அடியில் தீப்பொறி தரும் சிறு மூடியில், இருக்கும் மருந்து எரிந்ததும் குழலுக்குள் ஒருவகை உப்பு படிகிறது; அது காற்றிலுள்ள ஈரத்தை இழுக்குமாதலால், எங்கள் ஊர் மூடுபனியில் ஓரிரவு விட்டாலே செந்துரு பூத்துவிடும். எண்ணெய் அந்த உப்பைக் கரைக்காது, தண்ணீர்தான் கரைக்கும். ஆகவே சுட்ட அன்றே குழலின் பின்வாயை மூடும் போல்ட்டைக் கழற்றி, பின்பக்கம் புனலைப் பொருத்தி, கொதிக்கும் நீரைக் குழல் வழியே ஊற்றிவிடுவேன். சூடேறிய இரும்பு தானே உலர்ந்துவிடும். பிறகு கம்பியில் துணியைக் கோத்து, அது கறையின்றி வெள்ளையாக வெளிவரும்வரை இழுத்து, கடைசியில் மெல்லிய எண்ணெய்ப் பூச்சு. தோலுறையில் மட்டும் நீண்ட நாள் வைத்துவிடாதே. தோல் ஈரத்தை வாங்கி இரும்புக்குக் கொடுத்துவிடும்.

அடுத்து, காகித வேலை. தேர்தல் அறிவித்தால் காவல் நிலையத்தில் கொண்டுபோய்க் கொடுத்து ரசீது வாங்க வேண்டும். தேர்தல் முடிந்து திரும்பப் பெற்றதும் வீட்டுக்கு வந்து முதல் வேலையாகக் குழலைப் பார்ப்பேன். ஆயுதச் சட்டத்தின் 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் பொதுவாக இரண்டு துப்பாக்கிகளுக்கு மேல் வைத்துக்கொள்ள முடியாது. எழுபது வயதானவரோ, இருபத்தைந்து ஆண்டுகள் துப்பாக்கியை வைத்திருந்தவரோ உயிரோடிருக்கும்போதே அதை வாரிசுக்கு மாற்றித்தர 2016 ஆயுத விதிகளில் இடமுண்டு. என் மகளுக்கு இதில் ஆர்வம் இருப்பதால் விண்ணப்பம் எழுதிக்கொண்டிருக்கிறேன். உங்கள் வீட்டில் இந்த வெந்நீர் வேலையைச் செய்ய ஆளில்லை என்றால், துருப்பிடிக்க விடுவதைவிட லைசென்ஸ் உள்ள வியாபாரியிடம் முறைப்படி ஒப்படைப்பதே மேல் என்பேன்.

எதுவானாலும், உன் மனைவி பெயருக்கு லைசென்ஸ் மாறும்வரை அது வீட்டில் இருப்பது சரியல்ல. காவல் நிலையத்திலோ வியாபாரியிடமோ வைத்துவிடு. கொடுக்கும்போது குழலில் பொறித்திருக்கும் அளவைக் குறித்துக்கொண்டு எனக்கு எழுது. .303 என்றிருந்தால் அது இன்றும் தடைசெய்யப்பட்ட ரகம். நான் மேலே எழுதியதை நம்பி எதுவும் செய்யாமல் முதலில் ஒரு வக்கீலைப் பார்.

அன்புடன்,
வேலு