நீங்கள் வேண்டாம் என்ற நாடகத்தை நான் இணையத்தில் போட்டது பற்றி

நாடகப் பிரதிகளைப் படித்துத் தேர்வு செய்யும் குழுக்களுக்கும் போட்டி நடத்துபவர்களுக்கும்,

வணக்கம். நான் நாடகம் எழுதுகிறவன். உங்களில் சிலருக்கு என் பிரதிகள் வந்திருக்கும், பெரும்பாலும் திரும்பியும் போயிருக்கும். அதற்காகச் சண்டை போட இதை எழுதவில்லை. ஒரு குழு வருடத்துக்குப் போடக்கூடிய நாடகங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். வருகிற பிரதிகளோ மலைபோல் குவிகின்றன. பத்தில் ஒன்பது திரும்பித்தான் போகும், தெரிந்துதான் அனுப்புகிறோம். நான் பேச வந்தது உங்கள் விதிமுறைகளில் எங்கோ நடுவில் இருக்கும் ஒரு வரியைப் பற்றி. இணையம் உட்பட எந்த வடிவத்திலும் வெளிவராத படைப்பாக இருக்க வேண்டும் என்கிற அந்த வரி. அதை எடுத்துவிடுங்கள்.

ஏன் என்று சொல்ல, நிராகரிப்பிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். நாவல் எழுதியவருக்கு மறுப்பு வந்தால் அவர் கையில் முடிந்துபோன ஒரு நாவலாவது மிஞ்சும். நாடகக்காரன் கையில் இருப்பது பாதி வேலை. இன்னொருவர் வாயில் அந்த வசனம் எப்படி விழுகிறது, எங்கே மூச்சு முட்டுகிறது, சிரிப்பு வரும் என்று நினைத்த இடத்தில் வருகிறதா, எதுவும் அவனுக்குத் தெரியாது. உங்கள் கடிதத்திலிருந்தும் தெரியாது. "கவனத்துடன் பரிசீலித்தோம், தற்போதைய தேவைகளுக்குப் பொருந்தவில்லை" என்று இருக்கும். பாத்திரங்கள் அதிகமா? மேடையில் மழை பெய்ய வேண்டும் என்று எழுதியதா? இரண்டாம் பாதி தொய்கிறதா? முதலாவது என்றால் வேறு குழுவைத் தேடுவேன். இரண்டாவது என்றால் மழையை ஒலியாக மாற்றிக்கொள்வேன். மூன்றாவது என்றால் உட்கார்ந்து திரும்ப எழுதுவேன். மூன்றுக்கும் ஒரே கடிதம் வந்தால் என்ன செய்வது? பதிலே வராத இடங்களைப் பற்றி நான் பேசவே இல்லை.

சரி, அதனால்தான் பிரதிகளை இணையத்தில் போட ஆரம்பித்தேன். முழு நாடகமும் பிடிஎஃப், யார் வேண்டுமானாலும் படிக்கலாம், மேடையேற்றுவதானால் மட்டும் என்னிடம் கேட்க வேண்டும். பெரிய கூட்டம் ஒன்றும் வரவில்லை. வந்த சிலர் உருப்படியாகப் படித்தார்கள். நாடகம் படிக்கும் மாணவி ஒருவர், அக்காள் பாத்திரம் மூன்றாம் காட்சி முழுக்க மேடையில் நிற்கிறாள், ஒரு வார்த்தை பேசவில்லை, அங்கே அவளுக்கு என்ன வேலை என்று கேட்டிருந்தார். எனக்கே பதில் தெரியவில்லை. காட்சியை மாற்றினேன். இன்னொரு சின்னக் குழு வீடியோ அழைப்பில் உட்கார்ந்து முழுப் பிரதியையும் வாய்விட்டு வாசித்தார்கள். நான் மிகவும் ரசித்து எழுதிய நீண்ட வசனம் ஒன்று, வாசித்தவர் தடுக்கித் தடுக்கிச் சொன்னபோது செத்துப்போனது. இந்த இரண்டையும் நான் பல வருடம் மெயில் அனுப்பிக் காத்திருந்து பெற முடியவில்லை.

அப்புறம்தான் அந்த வரி குறுக்கே வந்தது. இப்படித் திருத்திய பிரதி முன்பைவிட நன்றாக இருக்கிறது என்று அடுத்த போட்டிக்கு அனுப்பப் போனால், அது ஏற்கெனவே வெளியான படைப்பு, தகுதியில்லை. ஒரு குழு வேண்டாம் என்றதால் இணையத்துக்குப் போன நாடகம், இணையத்தில் இருக்கிறது என்பதாலேயே அடுத்த குழுவுக்கும் வேண்டாததாகிவிடுகிறது. பெண் பார்க்க வந்தவர்கள் வேண்டாம் என்று போன பிறகும், ஊர் கண்ணில் படாமல் வீட்டுக்குள்ளேயே இரு என்று சொல்வது போல.

நாடகம் முதலில் அச்சில் வந்து பிறகு மேடையேறுவது புதிய வழக்கமும் இல்லை. நார்வே நாடகாசிரியர் இப்சனின் 'பேய்கள்' 1881 டிசம்பரில் புத்தகமாக வந்தது. ஸ்காண்டிநேவிய அரங்குகள் அதைத் தொட மறுத்தன. முதன்முதலில் அது மேடையேறியது 1882 மே மாதம், கடல் தாண்டி சிகாகோவில். ஐரிஷ் எழுத்தாளர் பெக்கெட்டின் 'கோடோவுக்காகக் காத்திருத்தல்' பல தயாரிப்பாளர்கள் கைமாறித் திரும்பியது. 1952இல் நூலாக வந்தது, 1953 ஜனவரியில்தான் பாரிஸில் ஒரு சிறிய அரங்கில் மேடை கண்டது. பெர்னார்ட் ஷா 1898இல் தன் நாடகங்களை நீளமான மேடைக்குறிப்புகளோடு, கதைபோல் படிக்கும்படி அச்சிட்டார். அதில் இருந்த 'மிஸஸ் வாரனின் தொழில்' தணிக்கையில் சிக்கி 1925 வரை இங்கிலாந்தில் பொதுமேடைக்கு வரவில்லை. நம்முடைய மனோன்மணீயம் 1891இல் அச்சில் வந்தது, பெரிதும் படிக்கப்பட்டே வாழ்ந்தது. என்னை இவர்களோடு சேர்த்துக்கொள்ளவில்லை, அந்த ஆசை எல்லாம் இல்லை. அன்றைக்கு உங்கள் விதி இருந்திருந்தால் இந்தப் பிரதிகள் உறையைப் பிரிக்காமலே திரும்பியிருக்கும் என்று மட்டும் சொல்கிறேன்.

நம் காலத்துக்கு வந்தால், அமெரிக்க நாடகாசிரியர் சார்லஸ் மீ தன் நாடகங்களின் முழுப் பிரதியையும் இணையத்தில் திறந்தே வைத்திருக்கிறார். எடுத்துக் கலைத்துப் பிய்த்து உங்கள் சொந்த நாடகத்தைச் செய்துகொள்ளுங்கள் என்கிறார். அப்படியே மேடையேற்றுவதானால் மட்டும் உரிமை பெற வேண்டும். யாரும் படிக்கலாம் என்று வைத்ததால் அவர் நாடகங்களை அரங்குகள் போடாமல் விட்டுவிடவில்லை.

உங்கள் பக்கத்து நியாயம் எனக்குப் புரியாமல் இல்லை. நடுவர்கள் எழுதியவர் பெயர் தெரியாமல் படிக்க வேண்டும், தலைப்பை இணையத்தில் தேடினால் பெயர் வந்துவிடும். இது உண்மையான சிக்கல். அதற்கு, தேர்வு முடியும்வரை பிரதியை இறக்கிவைக்கச் சொல்லுங்கள், வேறு தலைப்பில் அனுப்பச் சொல்லுங்கள். முதல் அரங்கேற்றம் எங்களுடையதாக இருக்க வேண்டும் என்பது இன்னொன்று. இருக்கட்டும், அதை யார் தடுத்தார்கள்? பிடிஎஃப் படிப்பது அரங்கேற்றம் ஆகாது. நீங்கள் கேட்க வேண்டியது இதுவரை மேடையேறாத நாடகத்தை. படிக்கப்படாத நாடகத்தை ஏன் கேட்கிறீர்கள்?

உரிமை பற்றிய பயமும் வேண்டாம். பதிப்புரிமைக்கான பன்னாட்டு ஒப்பந்தமான பெர்ன் உடன்படிக்கையில் சேர்ந்த நாடுகளில் எழுதியதுமே பதிப்புரிமை எழுதியவருக்கு வந்துவிடும், பதிவுகூடத் தேவையில்லை. மேடையேற்றும் உரிமை படிக்கும் உரிமையிலிருந்து தனியானது. பலர் படித்ததால் அது கரைந்துவிடாது. இணையத்தில் போட்டால் திருடிவிடுவார்களே என்று சக எழுத்தாளர்கள் என்னிடம் கேட்கிறார்கள். திருடுகிற அளவுக்கு ஒருவருக்குப் பிடித்திருந்தால் முதலில் அவர் விலாசம் கொடுங்கள், அடுத்த பிரதியை நேராக அவருக்கே அனுப்புகிறேன்.

இரண்டு மாற்றங்கள் போதும். விதியில் 'வெளிவராத' என்பதை 'மேடையேறாத' என்று ஆக்குங்கள். மறுக்கும்போது காரணத்தை அரை வரியில் எழுதுங்கள், 'ஆட்கள் அதிகம்' என்றாலும் போதும். இந்த முறை அனுப்பும் பிரதியின் முதல் பக்கத்திலேயே அதன் இணைய முகவரியைப் போட்டிருக்கிறேன். தேர்வு முடியும்வரை இறக்கிவைக்க வேண்டும் என்றால் ஒரு மெயில் போடுங்கள், அன்றைக்கே இறக்கிவிடுகிறேன். தேர்வாகவில்லை என்றால் மறுநாள் திரும்ப ஏற்றிவிடுவேன்.

இப்படிக்கு,
உங்களுக்கு இன்னும் அனுப்பிக்கொண்டிருக்கும் ஒரு நாடகாசிரியன்