ஆடியில் வரும் மருமகப் பிள்ளைகள்: தங்கச்சிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள அம்மிணி,

நீ அனுப்பிய பட்டியல் வந்தது. லீவுக்குப் பிள்ளைகள் இங்கே வந்தால் எங்கெங்கே கூட்டிப் போகலாம் என்று நீயும் மாப்பிள்ளையும் உட்கார்ந்து எழுதியிருக்கிறீர்கள். தீம் பார்க், கோவையில் ஒரு மால், ஊட்டி ரயில், மறுபடியும் ஒரு மால். போனில் பதில் சொன்னால் பாதியிலேயே “சரிங்ணா, அப்புறம் கூப்பிடறேன்” என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். ஜூலை வந்தால் இதே யோசனையில் இருக்கிற நம்ம சனம் துபாயிலும் மஸ்கட்டிலும் நிறைய. அவர்களும் படிக்கட்டும்.

ஊட்டி ரயிலை நான் பட்டியலிலிருந்து அடிக்கவில்லை. மேட்டுப்பாளையத்தில் ஏறி, கல்லாறு தாண்டியதும் தண்டவாளத்துக்கு நடுவே இருக்கிற பல்சட்டத்தைக் கவ்விக்கொண்டு அது ஏறுவதைப் பிள்ளைகள் பார்க்கத்தான் வேண்டும். 1908 முதல் ஊட்டி வரைக்கும் ஓடுகிற ரயில். ஆனால் டிக்கெட்டை முன்கூட்டியே போட வேண்டும், மழையில் மண் சரிந்தால் ரத்து செய்துவிடுவார்கள். கிடைத்தால் போவோம். தீம் பார்க்குக்கு ஒரு நாள் போதும். மாலா? துபாயில் இல்லாத மாலையா நான் கோயம்புத்தூரில் காட்டப்போகிறேன்!

இரண்டு பிள்ளைகளை வளர்த்துப் பார்த்ததில் எனக்குப் பட்டதைச் சொல்கிறேன். வேடிக்கை பார்க்க என்று கூட்டிப் போனால் அரை மணி நேரத்தில் போனைக் கேட்கிறார்கள். கையில் ஒரு வேலையைக் கொடுத்துக் கூட்டிப் போனால் கேட்பதில்லை. நம்ம பெரியவனைக் கவுந்தப்பாடி சர்க்கரை ஏலத்துக்குக் கூட்டிப் போனபோது எடைச் சீட்டை அவன் கையில் கொடுத்துவிட்டேன். அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு மூட்டையாகப் போய் நிறம் பார்த்தான். பழனிப் பஞ்சாமிர்தத்துக்கு இங்கிருந்துதான் சர்க்கரை போகிறது என்று யாரோ சொல்லக் கேட்டு, “நம்ம மூட்டையும் போகுமாப்பா?” என்று வீடு வரும்வரை அதே பேச்சு. தீம் பார்க்குக்குப் போய் வந்த அன்றைக்கு நேராகப் படுத்துத் தூங்கிவிட்டான்.

ஆகையால் என் திட்டம் வேறு. முதல் விஷயம், ஆடி ஒன்று. ஜூலை 17 வாக்கில் வரும். நாம் தேங்காய் சுட்டது உனக்கு மறந்திருக்காது. உன் மகன் இதுவரை பார்த்ததே இல்லை என்கிறாய். பத்து வயதுப் பையனுக்கு இதைவிட என்ன வேண்டும்? கத்தி, நெருப்பு, இனிப்பு மூன்றும் ஒரே நாளில் கிடைக்கிறது. நாரை உரித்துவிட்டு, ஓட்டைக் கல்லில் தேய்த்து வழவழப்பாக்குகிற வேலை அவனுக்கு. கை வலிக்கும், வலிக்கட்டும். மூன்று கண்ணில் மெத்தென்று இருக்கிற ஒன்றைத்தான் குத்த வேண்டும் என்று அவனே தடவிக் கண்டுபிடிக்கட்டும். தண்ணீரைக் கொஞ்சம் வடித்துவிட்டு, பச்சைப் பயறு, எள்ளு, பொட்டுக்கடலை, அவல், பொடித்த வெல்லம் எல்லாவற்றையும் அந்தச் சின்ன ஓட்டை வழியாகத் திணிக்கிற வேலை உன் மகளுக்கு. அவள் விரல்தான் நுழையும். அளவு சொல்ல அம்மா இருக்கிறது. நிரப்பியாகிவிட்டால் அழிஞ்சில் குச்சியைச் சீவிச் சொருகி, மஞ்சள் பூசி, வாசலில் மூட்டிய தீயில் வாட்ட வேண்டும். முதலில் ஓடு கறுக்கும், அப்புறம் உள்ளே தண்ணீர் கொதிக்கிற சத்தம் கேட்கும், கடைசியில் டப்பென்று ஓடு வெடிக்கும். அந்தச் சத்தத்துக்குத்தான் தெருப் பிள்ளைகள் எல்லாம் காத்திருக்கும். பிள்ளையாருக்குப் படைத்துவிட்டு உடைத்தால், புகை வாசத்தோடு வெந்து நிற்கிற அந்தப் பூரணத்துக்கு ஈடு கிடையாது. பாரதப் போர் ஆடி ஒன்றில் தொடங்கிப் பதினெட்டில் முடிந்தது, அதற்காகத்தான் சுடுகிறோம் என்று அம்மா கதையும் சொல்லும். உங்கள் பிளாட்டில் இதைச் செய்தால் தீயணைப்பு வண்டிதான் வரும்.

சாப்பாட்டைப் பற்றி நீ பயப்படுகிறாய். பையனுக்கு இட்லி இறங்காது, சாதம் இறங்காது என்று தனியாக ஒரு பட்டியல் வேறு. அதைப் படித்துவிட்டு என் வீட்டுக்காரி, உன் நங்கை, சிரித்தாள். இடியாப்பம் மாதிரி நம்ம சந்தகை பிழிகிற அன்றைக்கு அவனைக் கூப்பிட்டு, மரக் கட்டையின் மேல் தொங்கி அமுக்கச் சொன்னால் போதும். தான் பிழிந்ததைத் தான் சாப்பிடாமல் எந்தப் பிள்ளையும் எழுந்திருக்காது. தேங்காய்ப்பாலும் நாட்டுச் சர்க்கரையும் ஊற்றிக்கொண்டு இரண்டாம் தட்டு கேட்பான்.

அடுத்தது தண்ணீர். நீ கேட்கவில்லை, நானே சொல்கிறேன். பையனுக்கு அங்கே நீச்சல் குளத்தில் பயிற்சி கொடுத்திருக்கிறாய், சந்தோஷம். அதை நம்பி வாய்க்காலில் நான் இறங்க விடமாட்டேன். கீழ்பவானி வாய்க்கால் ஓடுகிறபோது பார்க்க மெதுவாகத்தான் தெரியும். இறங்கினால் காலை வாரிவிடும், கரையோ சரிவாக, பிடிப்பில்லாமல் இருக்கும். கொடிவேரி அணையில் அருவி மாதிரி விழுகிற இடத்தில் நிற்க ஆசைப்படுவான். பாறை பாசியாக இருக்கும், என் கையைப் பிடித்துக்கொண்டுதான் நிற்பான். தண்ணீர் அதிகமாக வந்தால் அங்கே விடவே மாட்டார்கள், அப்போது பொரித்த மீனை வாங்கித் தின்றுவிட்டுத் திரும்பிவிடுவோம். நீச்சல் என்றால் நம்ம தோட்டத்துக் கிணறுதான். நமக்கு அப்பா மிதப்பதற்குக் காய்ந்த சுரைப்புருடை கட்டிவிட்டார், என் பிள்ளைகளுக்கு நான் பிளாஸ்டிக் கேன் கட்டினேன். இடுப்பில் கயிறு, மேலே படியில் நான். குளத்தில் பழகியவனுக்கும் கயிறு உண்டு. அவன் கோபித்துக்கொண்டால் நீ இடையில் பேச வராதே.

வாய்க்காலில் இறங்கத்தான் கூடாது, பார்க்கத் தடையில்லை. பவானிசாகர் அணை 1955இல் கட்டி முடிந்ததிலிருந்து இந்த 2 லட்சத்துச் சொச்சம் ஏக்கரும் அந்த ஒரு வாய்க்காலை நம்பித்தான் இருக்கிறது. ஒற்றைப்படை மதகு, இரட்டைப்படை மதகு என்று பிரித்து, ஒரு பாதிக்கு நஞ்சைத் தண்ணீர், மறு பாதிக்கு ஜனவரியில் புஞ்சைத் தண்ணீர், அடுத்த வருஷம் மாற்றி என்று ஏற்பாடு. இந்த வருஷம் நமக்கு நஞ்சை முறை. ஆகஸ்ட் 15 வாக்கில் திறப்பார்கள். காய்ந்து கிடக்கிற கிளை வாய்க்காலில் தண்ணீர் தலை நீட்டுவதைப் பார்த்திருக்கிறாயே. சருகும் நுரையும் முன்னால் உருண்டு வரும், வெடிப்பிலிருந்து பூச்சிகள் தெறித்து ஓடும், கொக்குகள் கூடவே நடந்து வரும். உன் மகள் அதன் கூடவே கரையில் நடக்கட்டும். மடையைத் திறந்துவிடுகிற வேலையைப் பையனிடம் கொடுக்கிறேன், மண்வெட்டி பிடிக்கத் தெரியாது என்றால் என் சின்னவள் சொல்லிக்கொடுப்பாள். எட்டாவது படிக்கிறாள், யாருக்காவது எதையாவது சொல்லிக்கொடுக்க ஆள் தேடிக்கொண்டே இருக்கிறாள்.

ஆடிப் பதினெட்டுக்குப் பவானி கூடுதுறை. கூட்டம் நெரியும், அம்மா விடாது. போய்த் தலையில் தண்ணீர் தெளித்துக்கொண்டு வந்துவிடுவோம்.

நீங்கள் தேதி சரியாகப் பார்த்தால் அந்தியூர் குருநாதசாமி கோயில் பண்டிகையும் கிடைக்கும். குதிரைச் சந்தை என்று ஊரே சொன்னாலும், நான் மாட்டுப் பக்கம்தான் முதலில் போவேன். செவலையில் வெள்ளைத் திட்டுப் போட்ட பர்கூர் மாடு மலையிலிருந்து இறங்கியிருக்கும். காங்கேயம் கன்று பிறக்கும்போது செவலையாக இருந்து, ஆறு மாசத்தில் சாம்பல் நிறத்துக்கு மாறும் என்று சொன்னால் பிள்ளைகள் நம்பமாட்டார்கள், அங்கே இரண்டையும் பக்கத்தில் நிறுத்திக் காட்டலாம். அப்புறம் தரகர்கள் துண்டுக்குள்ளே விரலைப் பிடித்து விலை பேசுவது. வாய் சும்மா ஊர்க்கதை பேசிக்கொண்டிருக்கும், விலை முழுக்க விரலில். முன்பு ஒரு தரகர் என் சின்னவளின் கையைத் துண்டுக்குள் பிடித்து, “இது எவ்வளவுன்னு சொல்லு கண்ணு” என்று கேட்டார். அவள் ஏதோ சொல்ல, “அப்ப மாடு உனக்குத்தான், ஓட்டிட்டுப் போ” என்றுவிட்டார். வீட்டுக்கு வந்ததும் அண்ணனோடு துண்டைப் போட்டுக்கொண்டு மிட்டாய்க்கு விலை பேச ஆரம்பித்துவிட்டாள்.

சிவன்மலைக்கும் ஒரு நடை உண்டு. மலை ஏறுவதற்காக இல்லை, ஆண்டவன் உத்தரவுப் பெட்டிக்காக. பக்தர் கனவில் முருகன் சொல்கிற பொருளை, பூக் கேட்டு உத்தரவு வாங்கி, கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துப் பூஜை செய்வார்கள். அடுத்த கனவு வரும்வரை அது அங்கேயே இருக்கும். யானையைக் கனவில் கண்டால் எப்படி வைப்பார்கள் என்று என் சின்னவள் ஒரு தடவை பூசாரியிடமே கேட்டுவிட்டாள். அவர், “உங்கனவுல வந்தா வந்து சொல்லு சாமி, அப்பப் பாத்துக்கலாம்” என்றார்.

நடுவில் சும்மா இருக்கிற நாட்களும் வரும். ஆடிக் காற்றுக்குத் தலை கலைந்து, சோளத்தட்டுப் போரில் ஏறிச் சறுக்கி, உடம்பெல்லாம் அரித்து, “போர் அடிக்குது” என்று உனக்குப் போன் செய்வார்கள். உடனே கார் அனுப்பச் சொல்லி எனக்கு மெசேஜ் போடாதே. கொஞ்ச நேரம் அடிக்கட்டும், தானாக எங்காவது போய் ஏதாவது செய்வார்கள்.

கொண்டுவரச் சொல்ல வேண்டியது அதிகமில்லை. கறை பட்டால் பரவாயில்லை என்கிற துணி நாலு, பிடிப்பான செருப்பு, உன் மகளுக்குக் கொசுக் கடித்தால் தடிக்கும் என்றாயே, அந்த மருந்து. டேப்லெட் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மோட்டார் ஓடுகிற நேரத்தில் இங்கே வைஃபை என்ன பாடுபடுமோ, அது அவர்கள் பாடு.

டிக்கெட்டை மட்டும் ஜூலை 17க்கு முன்னால் பார்த்துப் போடச் சொல். ஆபர் அடுத்த வாரம்தான் என்று மாப்பிள்ளை இழுப்பார். மீதிக் காசை நான் தருகிறேன் என்று சொல், ரோஷத்தில் உடனே போட்டுவிடுவார்.

இப்படிக்கு,
அண்ணன்